மத்தில்டே, கிரண்: இரண்டுமே சிக்கல் இல்லை

பெண் குழந்தைக்கு மாமியார் சொன்ன மத்தில்டே என்ற பெயருக்குப் ‘போர்’ என்று பொருள் இருப்பதாகப் படித்துப் பயந்துவிட்டதாகவும், நீங்கள் விரும்பும் கிரண் ஆண் பெயரா பெண் பெயரா என்று தெரியாததால் ஜெர்மனியில் பதிய மறுப்பார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பயம் வேண்டாம் சகோதரி. பழைய ஜெர்மானியப் பெயர்கள் பலவும் இரண்டு சொற்களை ஒட்டிச் செய்தவை. மத்தில்டேயில் வலிமையும் போரும் இருக்கின்றன. கெர்ட்ரூடில் முதல் பாதியே ஈட்டி! அந்தக் காலத்தில் அதுதான் பெருமை. இன்று கூப்பிடுகிற யாருக்கும் சண்டை நினைவுக்கு வராது. சாந்தமான பொருள்தான் வேண்டுமென்றால் ஃப்ரீடெரிக்கே பாருங்கள்: அமைதி, ஆட்சி இரண்டும் அதில் உண்டு. வீட்டில் ரிக்கே என்று சுருக்கிக்கொள்ளலாம். என் ஓட்டு இதற்குத்தான்.

கிரணுக்கு வருவோம். இதே பெயருக்காக இந்தியப் பின்னணி கொண்ட ஒரு குடும்பம் ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய் 2008 டிசம்பரில் வென்றது. பாலினம் காட்டவில்லை என்பதற்காக, பெண்பால் பெயர் ஒன்றைக் கூடவே சேர்க்கும்படி வற்புறுத்த முடியாது.

அப்புறம், பிறப்பை ஒரு வாரத்துக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்துவிடுங்கள். பெயர் முடிவாகவில்லை என்றால் அதை மட்டும் ஒரு மாதத்துக்குள் சொன்னால் போதும்.