“கை ஆடுது சார்!”

கேள்வி: ராஸ்பெர்ரி பை 3 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டில் சின்ன சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்தில் கையை நிறுத்தும் மோட்டார்) ஒன்றை மாட்டி, பைதானில் பின்னை (சிக்னல் போகும் கால்) ஆன், ஆஃப் செய்து ஓட்டுகிறேன். அசையாமல் நில் என்றாலும் அதன் கை நடுங்குகிறது. பிரவுசரைத் திறந்தால் நடுக்கம் கூடுகிறது. கை ஆடுது சார், மோட்டார் மோசமா, என் புரோகிராம் மோசமா?
– பாலிடெக்னிக் மாணவர், திண்டுக்கல்

பதில்: இரண்டும் இல்லை தம்பி. பிரவுசரைத் திறந்தால் கூடுகிறது என்றீர்களே, விடை அதிலேயே இருக்கிறது.

சர்வோவுக்கு 20 மில்லி விநாடிக்கு ஒரு பல்ஸ், அதாவது சிக்னல் கொஞ்ச நேரம் மேலே எழுந்து இறங்குவது, போக வேண்டும். அது 1.5 மில்லி விநாடி நீடித்தால் கை நடுவில் நிற்கும். 1 என்றால் ஒரு பக்கம், 2 என்றால் மறுபக்கம். அந்த ஒரே மில்லி விநாடிக்குள் சுமார் 90 டிகிரி வீச்சு அடங்கிவிடுகிறது. கணக்குப் போட்டால் டிகிரிக்கு 11 மைக்ரோ விநாடிதான். போர்டை நடத்தும் லினக்ஸ் உங்கள் புரோகிராமை நிறுத்திவிட்டு பிரவுசரைக் கவனிக்கப் போய் 100 மைக்ரோ விநாடி தாமதமாகத் திரும்பினால், கை 9 டிகிரி தள்ளிப்போய்விடும். பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறுகிறவரையே நிமிடம் தவறாமல் மணியும் அடிக்கச் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

மணியடிக்கத் தனி ஆள் சிப்புக்குள்ளேயே இருக்கிறார். அவர்தான் ஹார்டுவேர் பி.டபிள்யூ.எம்., அதாவது கேட்ட அகலத்தில் பல்ஸ் அனுப்பும் சுற்று. இத்தனை எண்ணும் வரை பின் மேலே, மிச்சத்துக்குக் கீழே என்று இரண்டு எண்களைக் கொடுத்துவிட்டால், பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் அதுவே எண்ணிக்கொண்டிருக்கும். உங்கள் போர்டில் இரண்டு சேனல் உண்டு. 12, 18 ஆகிய ஜி.பி.ஐ.ஓ. (புரோகிராமால் இயக்கக்கூடிய) பின்களில் ஒரு சேனலும், 13, 19 பின்களில் மற்றதும் வரும். கான்ஃபிக் கோப்பில் பி.டபிள்யூ.எம். ஓவர்லே வரியை (பின்னை பி.டபிள்யூ.எம்.மோடு இணைக்கும் வரி) சேர்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். மோட்டாரின் சிக்னல் வயரை ஜி.பி.ஐ.ஓ. 18-க்கு மாற்றுங்கள். போர்டில் எண்ணினால் அது 12-ஆவது கால். நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த மாடலில் ஹெட்ஃபோன் ஜாக்கும் இதே இரண்டு சேனலில்தான் பாடுகிறது. பாட்டும் சர்வோவும் சேர்ந்து நடக்காது.

கேள்வி: நீங்கள் சொல்வது போல 20 மில்லி விநாடிக்கு வைத்து ஓட்டினேன். பிறகு பீரியடை (ஒரு பல்ஸ் தொடங்கி அடுத்தது தொடங்கும் வரையான நேரம்) 1 மில்லி விநாடியாகக் குறைத்தால் ‘இன்வேலிட் ஆர்கியூமென்ட்’ என்கிறது. 1 மில்லி விநாடி அதற்கு ஆகாதா?
– பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: தாராளமாக ஆகும் டீச்சர். டியூட்டி, அதாவது பின் மேலே நிற்கும் நேரம், இன்னும் பழைய 15,00,000 நானோ விநாடியிலேயே நிற்கிறது. பாத்திரத்தைவிடப் பால் அதிகம் என்றால் லினக்ஸின் உட்கருவான கெர்னல் ஏற்காது. குறைக்கும்போது முதலில் டியூட்டி, அப்புறம் பீரியட். கூட்டும்போது முதலில் பீரியட்.

கேள்வி: எங்கள் நிறுவனம் செய்யும் போர்டின் சிப்பில் பி.டபிள்யூ.எம். இருக்கிறது, லினக்ஸில் அதற்கு டிரைவர் (அதை இயக்கும் புரோகிராம்) இல்லை. நான்தான் எழுத வேண்டும். பயமாக இருக்கிறது.
– மென்பொருள் பொறியாளர், ஓசூர்

பதில்: கெர்னலில் நுழைய விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் காட்டும் கதவே இதுதான். நீளமும் அதிகமில்லை, ஒரு சின்ன டிரைவர் இருநூறு, முந்நூறு வரிகளில் முடிந்துவிடும். கிளாக்கை வாங்கி ஓடவிடுவது, சிப்பின் ரெஜிஸ்டர்களை (எண்களை எழுதி அதை இயக்கும் இடங்கள்) மேப் செய்வது, கெர்னலின் பி.டபிள்யூ.எம். அமைப்பிடம் ‘என்னிடம் இத்தனை சேனல்’ என்று பதிவு செய்வது எல்லாம் சடங்கு. ஏற்கெனவே இருக்கும் டிரைவரைப் பார்த்து எழுதிவிடலாம். ஆனால் பழைய உதாரணத்தைப் பார்த்து எழுதாதீர்கள். முன்பு கான்ஃபிக், எனேபிள், டிசேபிள் என்று தனித்தனி ஃபங்ஷன்கள் இருந்தன. 2016-இல் வந்த 4.7 கெர்னலில் எல்லாவற்றையும் ஒன்றாக்கி ‘அப்ளை’ வந்தது. பீரியட், டியூட்டி, போலாரிட்டி (பல்ஸ் மேலே எழுவதா, கீழே இறங்குவதா), ஓடவா நிற்கவா என்ற நான்கும் ஒரே கட்டாக உங்களிடம் வரும்.

உண்மையான வேலை அந்த அப்ளைக்குள் இருக்கிறது. உங்கள் டிரைவரைப் பயன்படுத்தும் புரோகிராம் நானோ விநாடியில் கேட்கும், சிப்புக்குத் தெரிந்தது கிளாக் துடிப்பு மட்டும். இந்த மாற்றுக் கணக்கில்தான் நான் விழுந்தேன். என் முதல் டிரைவரில் கிளாக் 400 மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்புக்கு எத்தனை நானோ விநாடி என்று முதலிலேயே வகுத்து வைத்துக்கொண்டேன். வர வேண்டியது 2.5. முழு எண் கணக்கில் 2 ஆகிவிட்டது. அதை வைத்து மற்றதையெல்லாம் வகுத்தேன். எல்.இ.டி. மாட்டிப் பார்த்தால் வெளிச்சம் அழகாகக் கூடிக் குறைந்தது. கூடாமல் என்ன, பீரியடும் டியூட்டியும் ஒரே அளவில் தப்பினால் விகிதம் மாறாதே! சர்வோவை மாட்டியதும் சாயம் வெளுத்தது. 1.5 கேட்டால் 1.875 மில்லி விநாடி போய்க்கொண்டிருந்தது, கை ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது. இரண்டு நாள் மோட்டாரைத் திட்டினேன். மூன்று மோட்டார் மாற்றினேன்.

ஆகவே முதலில் பெருக்குங்கள், கடைசியில் வகுங்கள். பெருக்கலை 64 பிட்டில் செய்யுங்கள். 2 கோடி நானோ விநாடியை 40 கோடியால் பெருக்கினால் 32 பிட்டுக்குள் எங்கே அடங்கும்? மீதி வந்தால் கீழ்நோக்கித்தான் விட வேண்டும், கேட்டதைவிட ஒரு துடிப்புகூட அதிகம் கொடுக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். தலைகீழ் போலாரிட்டி சிப்புக்குத் தெரியாது என்றால் பிழை எண்ணைத் திருப்பி அனுப்புங்கள். பேசாமல் நேர் போலாரிட்டியில் ஓடவிட்டால், நிற்க வேண்டிய ஃபேன் முழு வேகத்தில் சுற்றும்.

கெர்னலை பி.டபிள்யூ.எம். டீபக் (பிழை தேடும்) வசதியோடு கம்பைல் செய்து ஓட்டுங்கள், மேலே சொன்னவற்றில் பலவற்றை அதுவே சுட்டிக்காட்டிவிடும். எல்.இ.டி.யை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். மலிவான லாஜிக் அனலைசர் ஒன்றைப் பின்னில் மாட்டி, பல்ஸின் அகலத்தை அளந்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.