லெனின்கிராட் முற்றுகையை 1943 வரை சோவியத் செம்படையால் ஏன் உடைக்க முடியவில்லை?

1941 செப்டம்பர் 8 அன்று ஷ்லிசெல்பர்க் என்ற ஊர் ஜெர்மானியரிடம் வீழ்ந்ததும் லெனின்கிராட் நகரின் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) தரைவழிகள் அடைபட்டன. லடோகா ஏரி மட்டுமே எஞ்சியது. நகரப் படைக்கும் வெளியே கிழக்கில் நின்ற வோல்கோவ் போர்முனை என்ற சோவியத் படைத்தொகுதிக்கும் இடையே, மிகக் குறுகிய இடத்தில், ஏறத்தாழ 15 கிலோமீட்டர்தான் இருந்தது என்பது வியப்பளிக்கலாம். ஆனால் அந்தத் துண்டு நிலம் சதுப்பும் காடும் நிறைந்தது. அதைக் கண்காணிக்கும் சின்யாவினோ மேட்டை ஜெர்மானியர் பிடித்திருந்ததே, என் கணிப்பில், முதன்மைக் காரணம்.

1942 தொடக்கத்தில் லூபான் என்ற ஊரை நோக்கி ஊடுருவிய சோவியத்தின் இரண்டாம் அதிரடிப் படை வளைக்கப்பட்டு அழிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் தொடங்கிய சின்யாவினோ தாக்குதலும் தோற்றது; எனினும் லெனின்கிராட்டைக் கைப்பற்ற செவஸ்தோபோலிலிருந்து கொண்டுவரப்பட்ட ஜெர்மன் தளபதி மான்ஸ்டைனின் படை, அதைத் தடுப்பதிலேயே தேய்ந்துபோனதால், நகரின் மீதான பெருந்தாக்குதல் நடக்கவேயில்லை.

1943 ஜனவரி 12 அன்று, லெனின்கிராட் போர்முனைத் தளபதி கோவரோவின் படைகள் உறைந்த நேவா ஆற்றைக் கடந்தும் வோல்கோவ் போர்முனைத் தளபதி மெரெட்ஸ்கோவின் படைகள் கிழக்கிலிருந்தும் ஒரே வேளையில் தாக்கி, 18 அன்று சந்தித்தன. கிடைத்தது 8 முதல் 11 கிலோமீட்டர் அகலமுள்ள பாதைதான். அதில் அவசரமாகத் தண்டவாளம் போடப்பட்டு, பிப்ரவரி 7 அன்று முதல் ரயில் நகரை அடைந்தது. சின்யாவினோ மேடு இன்னும் பகைவர் கையிலிருந்ததால் அப்பாதை தொடர்ந்து பீரங்கித் தாக்குதலுக்கு உள்ளானது; முற்றுகை முழுமையாக நீங்கியது 1944 ஜனவரி 27 அன்றுதான்.