சிக்னலில் நின்றால் உதறும் கார்: பட்டறையிலிருந்து பதில்கள்

இந்த மாதம் ஐந்து கடிதங்கள். பெரும்பாலும் ஒரே ரகம்: ஓடும்போது கார் தங்கம், நின்றால் உதறல்.

கேள்வி: என்னுடையது 1 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். வாங்கிப் பத்து வருடம், 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங், சீட் எல்லாம் உதறுகிறது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நிற்கும் ஆட்டோவுக்கு இரண்டு ஹெட்லைட் தெரிகிறது! ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் உதறல் போய்விடுகிறது. பிக்கப், மைலேஜ் எதுவும் குறையவில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிளக் மாற்றினார்கள், பலனில்லை. இப்போது இன்ஜினை இறக்கிப் பார்க்க வேண்டும், 40,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். இறக்கலாமா?
— பள்ளி ஆசிரியை, ஈரோடு

பதில்: இறக்காதீர்கள் டீச்சர். பிக்கப், மைலேஜ் குறையவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். உள்ளே தேய்ந்துபோன இன்ஜின் இரண்டையும் அப்படியே வைத்திருக்காது.

உதறலில் இரண்டு ஜாதி உண்டு. இன்ஜினே தடுக்கித் தடுக்கி ஓடுவது ஒன்று. எங்கள் பாஷையில் 'மிஸ்ஸிங்'. இன்ஜின் ஒழுங்காக ஓடியும், அதன் துடிப்பு பாடிக்கு வராமல் தாங்கவேண்டிய ரப்பர் செத்துப்போவது இன்னொன்று. இதைப் பிரிக்காமல் ஸ்பேனரை எடுத்தால் கஸ்டமர் பணம்தான் கரையும்.

பிரிக்க ஸ்கேனர்கூட வேண்டாம். செய்தித்தாளில் ஒரு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, வண்டி ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் தானாக ஓடும் நிலையில்) இருக்கும்போது சைலன்சர் வாய்க்கு நேராகப் பிடியுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், ஷெட்டுக்குள் வேண்டாம். காகிதம் ஒரே தாளத்தில் படபடத்தால் இன்ஜின் சீராக ஓடுகிறது. நடுநடுவே ஒரு அடி விட்டுப்போனால் மிஸ்ஸிங். அவ்வப்போது காகிதம் உள்பக்கமாக இழுபட்டால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக உட்காரவில்லையோ என்று சந்தேகப்படலாம். அப்போதுதான் சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரஷன்) பார்த்து, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றுவது பற்றிப் பேச்சு.

அடுத்து, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்பிஎம் முள். ஏசி கம்ப்ரஸர் 'டக்'கென்று பிடிக்கும் நொடியில் முள் கொஞ்சம் இறங்கி, உடனே பழைய இடத்துக்கோ அதற்குச் சற்று மேலேயோ வரவேண்டும். இறங்கிய முள் அங்கேயே தள்ளாடினால் இன்ஜினுக்குக் காற்று நுழையும் வாயான த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். முள் ஆடாமல் நிற்கிறது, காகிதமும் ஒழுங்காகப் படபடக்கிறது, ஆனால் ஸ்டீயரிங் மட்டும் நடுங்குகிறதா? இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர்தான். பட்டறைகளில் 'பவுண்டேஷன்' என்று கேட்டாலும் புரியும்.

மிதித்தால் ஏன் நிற்கிறது? வாஷிங் மெஷின் முழு வேகத்தில் சுற்றும்போது சாதுவாக இருக்கும். நிற்கப்போகும் நேரத்தில்தான் டிரம் குதிக்கும். அதே கதை. ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜினுக்கென்று ஓர் ஆட்டம் இருக்கிறது. ஐடிலிங் துடிப்பு அதை நெருங்கும்போது பெரிதாகத் தெரியும், வேகம் கூடினால் தாண்டிப் போய்விடும். ரப்பர் தொய்ந்தாலும், காய்ந்து கல்லானாலும் இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

மவுண்டிங்கைச் சோதிக்க ஆள் துணை வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பானெட்டைத் திறந்து வையுங்கள். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி முதல் கியரில் கிளட்ச்சைக் கொஞ்சமே கொஞ்சம் விடட்டும், அப்புறம் ரிவர்ஸில். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். காருக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது. இன்ஜின் லேசாகச் சாய்ந்து திரும்பினால் சரி. தூக்கிப்போட்டு 'தொம்'மென்று இடித்தால் அந்தப் பக்கத்து ரப்பர் போய்விட்டது. சில வண்டிகளில் மவுண்டிங்குக்குள் திரவம் இருக்கும். அது கசிந்து ரப்பர் மேல் கறுப்பாகப் பிசுபிசுத்தால் வேறு சோதனையே தேவையில்லை.

வெளியே நன்றாகத் தெரிகிற மவுண்டிங்கும் ஏமாற்றும். அப்போது நான் செய்வது: இன்ஜினுக்குக் கீழேயுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு அடியில் பலகை வைத்து, வண்டி ஐடிலிங்கில் ஓடும்போதே ஜாக்கில் ஒரு நூல் அளவுக்கு இன்ஜினைத் தூக்குவேன். எடை குறைந்ததும் ஸ்டீயரிங் நடுக்கம் மாறினால் குற்றவாளி கிடைத்தாச்சு. இதை வீட்டில் முயற்சி செய்யவேண்டாம், சம்ப் நசுங்கும்.

மாற்றும்போது இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். கடையில் விலை குறைந்த ரப்பர் கிடைக்கும், கட்டையாக இருக்கும்; போட்ட அன்றைக்கே உதறல் பழையதைவிட அதிகமாகும். அப்புறம், போல்ட்டுகளை எடுத்தவுடன் இறுக்கக் கூடாது. எல்லாவற்றையும் கைப்பிடியாக மாட்டி, இன்ஜினை ஓட்டி, அது தன் இடத்தில் தானாக உட்கார்ந்த பிறகு கடைசி இறுக்கு. முறுக்கிக்கொண்டு உட்கார்ந்த ரப்பர் புதிதாக இருந்தும் உதறும்.

என் மானத்தை வாங்கிய ஒரு வண்டியையும் சொல்லிவிடுகிறேன். பட்டறை திறந்த புதிது. இதே புகாரோடு வந்தவரின் காரில் பிளக் மாற்றினேன், த்ராட்டில் கழுவினேன், மவுண்டிங்கும் மாற்றினேன். மூன்று தடவை வரவழைத்தேன். நான்காவது தடவை என் பையன் டார்ச்சோடு அடியில் நுழைந்து, "அப்பா, சைலன்சர் பைப் பாடியைத் தொடுது" என்றான். வேகத்தடையில் அடிவாங்கி பைப்பைத் தொங்கவிடும் ஹேங்கர் ரப்பர் அறுந்திருந்தது. சில்லறைக் காசு சாமான். அன்றிலிருந்து உதறல் என்று எந்த வண்டி வந்தாலும் முதலில் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். உங்கள் மெக்கானிக்கையும் படுக்கச் சொல்லுங்கள் டீச்சர்.

கேள்வி: நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. நின்றாலும் உதறுகிறது, மேட்டில் இழுவையும் இல்லை. ஸ்கேனரில் பி0302 என்று வந்தது. பிளக்குக்குக் கரன்ட் தரும் காயில் நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள். செக் இன்ஜின் விளக்கு சில சமயம் மினுக்குகிறது. மாற்றட்டுமா?
— வாசகர், தேனி

பதில்: மினுக்கும்போது ஓட்டாதீர்கள் அண்ணாச்சி, அதுதான் முதல் விஷயம். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியாகப் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும். அதன் விலைக்கு முன்னால் காயில் ஒன்றுமே இல்லை.

பி0302 என்றால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங். ஏன் என்று அது சொல்லாது. இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டாம் சிலிண்டர் காயிலை மூன்றுக்கும், மூன்றாவதை இரண்டுக்கும் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். ஸ்கேனரில் பழைய கோட் நம்பரை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 என்று வந்தால் அந்த ஒரு காயில்தான் போயிருக்கிறது, ஒன்று வாங்கினால் போதும். மறுபடி பி0302 வந்தால் காயில் மேல் தப்பில்லை. அடுத்து பிளக்கை அதே மாதிரி இடம் மாற்றுங்கள், அப்புறம் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர். பிளக்கைக் கழற்றும்போது அந்தக் குழிக்குள் ஆயில் நிற்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் மேல்மூடியான டேப்பெட் கவர் ஓரத்தில் கசிந்து இறங்கும் ஆயில் ஸ்பார்க்கைக் கெடுக்கும். அந்த மூடியின் கேஸ்கட்டை மாற்றாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் கொஞ்ச நாளில் அதே வழி.

ஓடும் இன்ஜினில் பிளக் வயரைக் கையால் பிடுங்கும் வித்தையை யாராவது காட்டினால் வேடிக்கை பார்க்காமல் தடுத்துவிடுங்கள். அதில் பாய்வது ஆயிரக்கணக்கான வோல்ட்.

கேள்வி: டீசல் கார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் பயங்கர உதறல், வெள்ளைப் புகை. அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல் ஓடுகிறது. சமவெளிக்கு இறங்கினால் காலையிலும் பிரச்சினை இல்லை.
— வாசகர், கோத்தகிரி

பதில்: கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டருக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக் ஒன்று எரிந்திருக்கும். டீசலுக்கு ஸ்பார்க் கிடையாது, அமுக்கிய காற்றின் சூட்டில்தான் பற்றவேண்டும். உங்கள் ஊர்க் குளிரில் ஹீட்டர் பிளக் வேலை செய்யாத சிலிண்டர் முதல் நிமிடம் பற்றாமல், டீசலை வெள்ளைப் புகையாகத் துப்புகிறது. வயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் நல்ல பிளக் ஒன்றிரண்டு ஓம் காட்டும், எரிந்தது இணைப்பே இல்லை என்று காட்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது பொறுமையாகக் கழற்றச் சொல்லுங்கள். ஹெட்டுக்குள் முறிந்தால் செலவு எங்கேயோ போய்விடும்.

பிளக் எல்லாம் நன்றாக இருந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் மட்டும் மாதாமாதம் குறைந்தால், ஹெட் கேஸ்கட் வழியாக அது சிலிண்டருக்குள் கசிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: த்ராட்டில் பாடி கழுவிய பிறகு ஐடிலிங் 1,300 ஆர்பிஎம்மில் நிற்கிறது. கெடுத்துவிட்டார்களா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: அநேகமாக இல்லை. கரி அடைத்திருந்தபோது காற்று வழியிலுள்ள தட்டை எவ்வளவு திறந்தால் ஐடிலிங் நிற்கும் என்று கம்ப்யூட்டர் பழகி வைத்திருந்தது. கரி போனதும் அதே திறப்பில் காற்று கூடுதலாக நுழைகிறது. ஸ்கேனரில் ஐடிலிங்கைப் புதிதாகக் கற்றுக்கொடுத்தால் இறங்கிவிடும். இறங்கவில்லையென்றால் திரும்ப மாட்டும்போது ஏதாவது ஹோஸ் விட்டுப்போயிருக்கும்; 'உஸ்' சத்தம் கேட்கும்.

கேள்வி: பழைய நான்கு சிலிண்டர் காரைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் எடுத்து மூன்று மாதம். சிக்னலில் லேசான அதிர்வு. கம்பெனியில் 'நார்மல்' என்கிறார்கள். நோயா, குணமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: புது வண்டி மூன்று சிலிண்டர் என்றால் பெரும்பாலும் குணம். 800 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டர் நொடிக்குச் சுமார் 27 முறை எரிகிறது, மூன்று சிலிண்டர் 20 முறைதான். அடிக்கும் அடி குறைவு, இடைவெளி அதிகம். அதோடு மூன்று சிலிண்டர் இன்ஜின் சீசா மாதிரி இரு முனையிலும் ஏறி இறங்கப் பார்க்கும். ஸ்விஃப்ட்கூட 2024-இல் நான்கிலிருந்து மூன்றுக்கு மாறிவிட்டது, ஆகவே இந்தக் கேள்வி இனி நிறைய வரும். ஷோரூமுக்குப் போய் அதே மாடல் டெமோ வண்டியில் ஏசியைப் போட்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் வீட்டுக்குப் போகலாம். உங்களுடையது கூடுதலாக உதறினால் சர்வீஸ் ஆளை அந்த சீட்டில் உட்கார வைத்துவிட்டு, வாரன்டி அட்டையை எடுங்கள்.