சூத்திரம் தெரிந்தும் வாக்கியக் கணக்கில் பிள்ளைகள் திணறுவது ஏன்? படிப்படியாக எப்படிச் சொல்லித் தருவது?

ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வாய்ப்பாடும் சூத்திரமும் அத்துப்படி, ஆனால் கணக்கை வாக்கியமாகக் கொடுத்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் உட்கார்ந்துவிடுகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன், கிட்டத்தட்ட எல்லாரிடமும் இதைப் பார்க்கிறேன். இரண்டு எண்கள் கண்ணில் பட்டதுமே கூட்டவோ பெருக்கவோ கை பரபரக்கும், அந்த எண் எதைச் சொல்கிறது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. அதனால் நான் முதலில் பழக்குவது ஒன்றே ஒன்றுதான். எழுதுகிற ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது என்ன என்று ஒரு சொல் எழுத வேண்டும்: கிலோமீட்டரா, மணியா, நாளா, சதவீதம் என்றால் எதில் சதவீதம்.

ஒரு கணக்கு பாருங்கள். போகும்போது மணிக்கு 40 கி.மீ. வேகம், அதே வழியில் திரும்பும்போது 60 கி.மீ., மொத்தப் பயணத்தின் சராசரி வேகம் என்ன? ஒரு பையன் இதைப் படித்து முடித்த கையோடு 50 என்று எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டுவிட்டான். நான் தப்பு என்று சொல்லவில்லை. "சரி, போக எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்று மட்டும் கேட்டேன். "தூரமே கொடுக்கலையே" என்றான். நீயே ஒரு தூரம் வைத்துக்கொள் என்றதும் 120 கி.மீ. வைத்தான். போக 3 மணி, வர 2 மணி, மொத்தம் 240 கி.மீ., 5 மணி. வகுத்தால் 48. நம்பாமல் தூரத்தை 60 ஆக்கினான்: ஒன்றரை மணி, ஒரு மணி, 120 ஐ இரண்டரையால் வகுத்தான், மறுபடியும் 48. அப்புறம் 240 வைத்துப் பார்த்தான், அதே 48. அழிரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தவன், மெதுவாகப் போனபோதுதான் ரொம்ப நேரம் வண்டியில் இருந்தோம், அதனால்தான் சராசரி 40 பக்கமாக இழுக்கிறது என்று அவனாகவே சொன்னான். அதைக் கேட்பதற்காக எத்தனை மாலை வேண்டுமானாலும் உட்காரலாம்.

அடுத்தது காலமும் வேலையும். ஒருவர் ஒரு வேலையை 6 நாளில் முடிப்பார், இன்னொருவர் 12 நாளில். சேர்ந்து செய்தால்? 18 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு, 9 என்று எழுதுபவர்களும் உண்டு. பென்சிலை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: தனியாகவே 6 நாளில் முடிப்பவருக்கு ஆள் துணை கிடைத்தால் நாள் கூடுமா குறையுமா? விடை 6க்குக் கீழேதான் என்று தெரிந்துவிட்டாலே பாதிக் கணக்கு முடிந்தது. இனி 1/6 + 1/12 என்று பின்னத்தில் இறங்க வேண்டாம். 6க்கும் 12க்கும் மீச்சிறு பொது மடங்கு 12, ஆகவே மொத்த வேலை 12 பங்கு. முதல் ஆள் ஒரு நாளைக்கு 2 பங்கு, அடுத்தவர் 1 பங்கு, சேர்ந்தால் 3 பங்கு, 12 பங்குக்கு 4 நாள். பின்ன முறையை இதற்குப் பிறகு காட்டினால் அந்த 1/6 என்ன என்பது அவளுக்குத் தானாகப் புரியும்.

சதவீதத்தில்தான் பெரியவர்களே சறுக்குகிறோம். ஒரு எண்ணை 20 சதவீதம் கூட்டினால் 360 வருகிறது, பழைய எண் என்ன? 360இல் 20 சதவீதம் 72, அதைக் கழித்தால் 288 என்று போடுவார்கள். அந்த 20 சதவீதம் எதில் எடுத்தது என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பழைய எண்ணில். அப்படியானால் பழையது 100 பங்கு, 360 என்பது 120 பங்கு, ஒரு பங்கு 3, பழைய எண் 300. சரிபார்க்கவும் கற்றுக்கொடுங்கள்: 300இல் 20 சதவீதம் 60, கூட்டினால் 360, சரி. 288ஐ வைத்துப் பார்த்தால் 345.6தான் வரும், தப்பு தன்னாலேயே வெளியே வந்துவிடும், நீங்கள் திட்ட வேண்டியதே இல்லை.

ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு இது முக்கியம். படிகளை எழுதும்போது பிள்ளைகள் 20 + 16 = 36 ÷ 4 = 9 என்று ஒரே இழுவையில் எழுதுவார்கள். விடை சரியாகத்தான் இருக்கும், ஆனால் 20 + 16ம் 9ம் சமம் என்றல்லவா அந்த வரி சொல்கிறது! ஒரு படிக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு ஒரு சமக்குறி என்று இப்போதே பழக்குங்கள். சமக்குறி என்றால் "அடுத்து விடை வரும்" என்று மனதில் பதிந்துவிட்ட பிள்ளைக்கு, 3x + 5 = x + 11 என்று இரண்டு பக்கமும் x வரும்போது கை நின்றுவிடும்.