இ.எஸ்.ஐ. சம்பள வரம்பை உயர்த்தினால் யாருக்கு லாபம், யாருக்குச் சுமை?

கேள்வியின் சுருக்கம்: "திருவொற்றியூரில் 20 பேர் வேலை செய்யும் பிரஸ் ஷாப்பில் (உலோகத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பட்டறை) இருக்கிறேன். மே மாதம் சம்பளம் 20,500-லிருந்து 22,500 ஆனது. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 14,000, வீட்டு வாடகைப் படி 5,000, போக்குவரத்துப் படி 1,500, ஸ்பெஷல் அலவன்ஸ் 2,000. 21,000-ஐத் தாண்டிவிட்டது என்று அந்த மாதமே இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தத்தை நிறுத்திவிட்டார்கள். வரம்பை 30,000 ஆக்கச் சொல்லித் தொழிற்சங்கங்கள் கேட்கின்றன. முதலாளியோ அது தொழிலுக்குச் சுமை, அதற்குப் பதில் 3 லட்சத்துக்கு குரூப் பாலிசி போடுகிறேன் என்கிறார். எது நல்லது?"

வரம்பு உயர்வது உங்கள் குடும்பத்துக்கு நல்லது. முதலாளிக்கும் அவர் பயப்படுகிற அளவுக்குப் பாரம் இல்லை. ஆனால் மே மாதம் பிடித்தத்தை நிறுத்தியதே தவறு. அதை முதலில் சரிசெய்ய வேண்டும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

21,000 என்ற வரம்பு 2017 ஜனவரி 1-இல் வந்தது; அதற்கு முன் 15,000. அதற்குப் பிறகு வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் ஏறின. சம்பளமும் கொஞ்சம் ஏறியது. அந்தக் கொஞ்சமே பலரைத் திட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம் என்றால் அங்கே குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு 2,70,000. அந்தக் கதவும் மூடியாயிற்று. மணலி, மாதவரம், எண்ணூர், கொடுங்கையூர் பக்கத்துப் பட்டறைகளிலும் கன்டெய்னர் யார்டுகளிலும் 22,000-லிருந்து 30,000 வரை வாங்குகிற ஃபிட்டர், வெல்டர், ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் எல்லோரும் இந்த இடைவெளியில்தான் நிற்கிறார்கள். வேலை தெரிந்தவர்கள், குடும்பத்தைத் தாங்குகிறவர்கள், எந்தத் திட்டத்திலும் இல்லாதவர்கள்.

முதலாளியின் கணக்கைப் பார்ப்போம். 2019 ஜூலையிலிருந்து அவர் பங்கு 3.25 சதவீதம், உங்கள் பங்கு 0.75 சதவீதம். அதற்கு முன் 4.75-உம் 1.75-உம் இருந்தது. முழு 22,500-ஐயும் கணக்கில் எடுத்தால் உங்களுக்கு மாதம் 169, அவருக்கு 732 ரூபாய். 20 பேரில் 8 பேர் 25,000 வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் அவருக்குக் கூடுதல் செலவு மாதம் 6,504, ஆண்டுக்கு 78,048. சின்னப் பட்டறைக்கு இது சின்னத் தொகை இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இ.எஸ்.ஐ. இல்லாத தொழிலாளியால் தன் தலையில் எது விழும் என்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. பெண் தொழிலாளிக்கு 26 வாரப் பேறுகால ஊதியம் தர வேண்டும். இ.எஸ்.ஐ.யில் இருந்தால் அதை நடத்தும் இ.எஸ்.ஐ. கழகம் தரும். இல்லையென்றால் முதலாளிதான் தரவேண்டும். நாளுக்கு 750 என்றால் 182 நாளுக்கு 1,36,500 ரூபாய். மாதம் 732 வீதம் கட்டினால் அந்தத் தொகையைத் தொட 15 ஆண்டுக்கு மேல் ஆகும்.

விபத்து இன்னும் பெரிய விஷயம். பிரஸ் ஷாப்பில் விரல் போவது எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு என்று சட்ட அட்டவணை சொல்கிறது. இழப்பீட்டைக் கணக்கிட வயதை வைத்து ஒரு பெருக்குக் காரணி உண்டு; 30 வயதுக்காரருக்கு அது 207.98. கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சம் 15,000. அதில் 60 சதவீதம் 9,000. இவற்றைப் பெருக்கினால் சுமார் 2,62,000 ரூபாய். ஒரே ஒரு விரலுக்கு இவ்வளவு. இ.எஸ்.ஐ. இருந்தால் இந்தப் பொறுப்பு கழகத்துக்குப் போகிறது. தொழிலாளிக்கு நிரந்தர ஊனத்துக்கான மாதத் தொகையும் வருகிறது. "நான் டபிள்யூ.சி. பாலிசி (வேலை விபத்து இழப்பீட்டுக்கான காப்பீடு) போட்டிருக்கிறேனே" என்று முதலாளி சொல்லலாம். அப்படியானால் அந்த பிரீமியத்தையும் குரூப் பாலிசி பிரீமியத்தோடு கூட்டிவிட்டு 78,048-உடன் ஒப்பிடச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, குரூப் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. சட்டம் கட்டாயப்படுத்தாத பாலிசிக்குக் கட்டிய வரியை அவர் இன்புட் கிரெடிட்டாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்து, திரும்ப எடுக்கவும் முடியாது.

இப்போது உங்கள் பக்கம். "ஸ்டான்லி இருக்கும்போது இ.எஸ்.ஐ. எதற்கு?" என்று வட சென்னையில் அடிக்கடி கேட்கிறார்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம், நல்ல வைத்தியமும்கூட. ஆனால் படுத்திருக்கிற நாளுக்குச் சம்பளம் யார் தருவார்கள்? இ.எஸ்.ஐ. தருகிறது: சராசரி நாள் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. நாளுக்கு 750 என்றால் 525. 91 நாளுக்கு 47,775. பட்டியலிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம் வீதம் 2 ஆண்டு வரைகூட நீளும். டி.பி.யோ புற்றுநோயோ வந்த வீட்டில் வாடகையும் அரிசியும் இந்தப் பணத்தில்தான் ஓடும். உங்கள் முதலாளி சொல்கிற குரூப் பாலிசியில் இது ஒரு ரூபாய்கூடக் கிடையாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதுதான் இந்த விவாதத்தில் நடக்கிற பெரிய பிழை.

குரூப் பாலிசியில் சிக்கும் இடத்தையும் பார்த்துவிடுங்கள். 3 லட்சம் பாலிசியில் ரூம் வாடகை 1 சதவீதம் என்று ஒரு வரி இருக்கும். அதாவது நாளுக்கு 3,000. ஆஸ்பத்திரியில் 6,000 ரூபாய் அறைதான் காலி என்று சொல்லிச் சேர்த்துவிடுகிறார்கள், 4 நாள் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அறைக்கு 24,000, பாலிசி தருவது 12,000. அதோடு முடியவில்லை. அறை வாடகை பாதிதான் அனுமதி என்பதால் சர்ஜன், மயக்க மருந்து, ஆபரேஷன் தியேட்டர் கட்டணமும் பாதியாகும்: 80,000-க்கு 40,000. மருந்து, ஸ்கேன் 60,000 இதில் குறையாது. கையுறை, டயபர், ஃபைல் சார்ஜ் என்று 6,000 போட்டிருந்தால் அதில் ஒன்றும் வராது. மொத்தம் 1,70,000 பில்லில் பாலிசி 1,12,000; உங்கள் கையிலிருந்து 58,000. 3 லட்சம் பாலிசியில் 2 லட்சத்தைத் தொடாத பில்லுக்கு 58,000 கட்டச் சொன்னால் யாருக்கும் ஏமாந்துபோன உணர்வுதான் வரும். காரணம் அந்த ஒரு வரி. முதலாளி பாலிசி எடுப்பதில் உறுதியாக இருந்தால் ரூம் வரம்பு இல்லாமலும், ஏற்கெனவே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கவரேஜ் இருக்கும்படியும், அப்பா அம்மாவைச் சேர்த்தும் விலை கேட்கச் சொல்லுங்கள்.

இ.எஸ்.ஐ.யில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் டிஸ்பென்சரிகளையும் அயனாவரம் மருத்துவமனையையும் மாநில அரசு நடத்துகிறது, கே.கே. நகர் மருத்துவமனையைக் கழகம் நேரடியாக நடத்துகிறது. டிஸ்பென்சரியில் சீட்டு, அங்கிருந்து அயனாவரம், தேவைப்பட்டால் மேல்சிகிச்சைக்கு வேறு இடம் என்று போக வேண்டும். எண்ணூர்க்காரர் அயனாவரம் போய் வரிசையில் நின்று திரும்பினால் அன்றைய வேலை போயிற்று. வரம்பை உயர்த்தி ஆட்களைச் சேர்த்துவிட்டு டாக்டரையும் மாலை நேர ஓ.பி.யையும் கூட்டாமல் விட்டால் வரிசைதான் நீளும். மாதம் 169 கட்டிவிட்டு ஒருவரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். வரம்பு வேண்டும் என்று கேட்கிற சங்கங்கள் அதே மூச்சில் இதையும் கேட்க வேண்டும். இன்னொரு பயமும் நியாயமானது: சில முதலாளிகள் தங்கள் 3.25 சதவீதத்தையும் சி.டி.சி.க்குள் (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) போட்டு உங்கள் கையில் வருவதைக் குறைப்பார்கள். முதலாளி பங்கைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து எடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

இனி உங்கள் மே மாத விஷயம். இ.எஸ்.ஐ.யில் ஆண்டு இரண்டு சந்தா காலமாகப் பிரிகிறது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை. சந்தா காலம் தொடங்கிய பிறகு நடுவில் சம்பளம் வரம்பைத் தாண்டினால், அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடர வேண்டும். உங்களுக்கு மே மாதம் உயர்ந்தது. ஆகவே செப்டம்பர் 30 வரை கட்டியே ஆக வேண்டும். ஏப்ரல்–செப்டம்பர் சந்தாவுக்கான பலன் காலம் அடுத்த ஆண்டு ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா இருந்தால்தான் அடுத்த ஜூன் வரை சுகவீனப் பணம் கிடைக்கும். மேயிலேயே நிறுத்தினால் ஏப்ரலின் 30 நாள் மட்டுமே இருக்கும், 78 வராது. ஒரு மாதத்தில் செய்த தவறு ஓர் அரையாண்டுப் பலனை முழுசாக விழுங்கிவிடும். (மொத்தச் சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், இதே உயர்வு ஏப்ரல் 1-இல் வந்திருந்தால் மார்ச்சோடு நிறுத்தியது சரியாக இருந்திருக்கும்.)

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். 2025 நவம்பர் 21-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அதில் 'ஊதியம்' என்பதற்குப் புது வரையறை. வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி, ஓவர்டைம், கமிஷன், போனஸ் போன்றவை ஊதியத்தில் சேராது. ஆனால் இப்படிக் கழிப்பவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகை ஊதியத்தோடு சேரும். ஸ்பெஷல் அலவன்ஸ் கழிக்கும் பட்டியலில் இல்லை. உங்கள் பே ஸ்லிப்பில் கழிவது 5,000-உம் 1,500-உம் சேர்த்து 6,500. மொத்தத்தில் பாதி 11,250, அதைத் தாண்டவில்லை. ஆகவே ஊதியம் 14,000 கூட்டல் 2,000, அதாவது 16,000. 21,000-க்கு வெகு கீழே. இந்த வரையறையில் நீங்கள் வரம்பைத் தாண்டவே இல்லை. 30,000 வாங்குகிற பலரும் இதே கணக்கில் உள்ளே வரலாம். சங்கங்கள் வரம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, சீர்திருத்தத்தின் ஒரு பகுதி சத்தமில்லாமல் வந்துவிட்டது.

இதில் ஒரு நஷ்டமும் உண்டு. 16,000-க்குச் சந்தா கட்டினால் உங்களுக்கு 120, முதலாளிக்கு 520. சுகவீனப் பணமும் அதே அடிப்படையில் நாளுக்கு 525-லிருந்து சுமார் 373 ஆகக் குறையும். வரம்பை உயர்த்தும்போது பலனைக் கணக்கிடும் அடிப்படையையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

எனவே முதலாளியிடம் சண்டையாகத் தொடங்காதீர்கள். கணக்குப் பார்க்கிற கன்சல்டன்ட்டிடம் ஏப்ரல், மே பே ஸ்லிப்புகளைக் காட்டி, இரண்டு காரணங்களையும் எழுத்தில் கொடுங்கள், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலும் எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள். சந்தா அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் போக வேண்டும். தாமதத்துக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதமும் உண்டு. சீக்கிரம் திருத்துவது முதலாளிக்கும் லாபம் என்பதைச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள்.

திருத்தும்போது புது நம்பர் போடவிடாதீர்கள். பழைய ஐ.பி. நம்பரிலேயே (இ.எஸ்.ஐ.யில் உங்கள் காப்பீட்டு எண்) தொடர வேண்டும். புது நம்பர் விழுந்தால் உங்கள் பழைய சந்தா எல்லாம் வேறு ஆளுடையது மாதிரி நிற்கும். ஆதாரில் இனிஷியல் முன்னால், இ.எஸ்.ஐ.யில் பின்னால் என்றிருந்தால் இப்போதே திருத்துங்கள். மனைவி, பிள்ளைகள், உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர் பெயர்கள் ஏறியிருக்கிறதா, டிஸ்பென்சரி வீட்டுக்குப் பக்கத்தில் உள்ளதுதானா என்று பாருங்கள். உடம்பு முடியாமல் போனால் தனியார் டாக்டர் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்துப் போகாதீர்கள். சுகவீனப் பணம் நிற்பதற்கு அது ஒரு முக்கியமான காரணம். முதல் நாளே டிஸ்பென்சரி டாக்டரிடம் லீவு சர்டிபிகேட் வாங்குங்கள். தொடக்கத்தின் 2 நாளுக்குப் பணம் வராது. மூன்றாம் நாளிலிருந்து வரும்.

எல்லாம் செய்தும் வெளியேதான் நிற்க வேண்டியிருந்தால், இ.எஸ்.ஐ. பலன் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொந்தமாக ஒரு குடும்பப் பாலிசி எடுத்துவிடுங்கள். முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறெதற்கும் வராது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வைக்கலாம். 2024-க்கு முன் அது 4 ஆண்டாக இருந்தது. சர்க்கரை, பிரஷர் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள், ஏஜென்ட் வேண்டாம் என்று சொன்னாலும். தொடர்ந்து 5 ஆண்டு கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டி கிளைமை மறுக்க முடியாது. அந்த 5 ஆண்டுக்குள் மறுப்பார்கள். கம்பெனி குரூப் பாலிசியும் கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். வேலையை விடுகிற அன்றே அது நின்றுபோகும்.