1999-க்கு மூன்றெழுத்து போதாதா?

கேள்வி: ரோமன் எண்ணில் 1999-ஐ 'எம்ஐஎம்' என்று மூன்றே எழுத்தில் முடிக்கலாமே! எதற்கு ஏழு எழுத்து?

பதில்: நினைத்த சிறிய எழுத்தை நினைத்த பெரிய எழுத்துக்கு முன்னால் வைத்துக் கழித்துவிட முடியாது. 'ஐ' (1) என்பதை 'வி' (5), 'எக்ஸ்' (10) ஆகியவற்றின் முன் மட்டுமே வைக்கலாம். அதேபோல 'எக்ஸ்', 'எல்'லுக்கும் (50) 'சி'க்கும் (100) முன்னால். 'சி', 'டி'க்கும் (500) 'எம்'முக்கும் (1000) முன்னால். அவ்வளவுதான். 49-ஐ 'ஐஎல்' என்று எழுதுவதும் இதே தவறுதான்; சரியான வடிவம் 'எக்ஸ்எல்ஐஎக்ஸ்'.

எண்ணை முதலில் இடமதிப்பாகப் பிரித்துவிட்டால் இந்தத் தவறு வரவே வராது. 1999 என்பது 1000, 900, 90, 9. ஒவ்வொன்றையும் தனியே எழுதுங்கள்: எம், சிஎம், எக்ஸ்சி, ஐஎக்ஸ். வரிசையாகச் சேர்த்தால் விடை.

மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரே ஒரு அமைப்புதான். ஒன்றாம் இடத்துக்கு ஐ, வி, எக்ஸ். பத்தாம் இடத்துக்கு எக்ஸ், எல், சி. நூறாம் இடத்துக்கு சி, டி, எம். 7 'விஐஐ' என்றால் 70 'எல்எக்ஸ்எக்ஸ்', 700 'டிசிசி'. எழுத்துகள்தான் மாறுகின்றன, அமைப்பு மாறுவதில்லை. இந்த முறையின் அழகே அதுதான். பூஜ்யம் வரும் இடத்தில் எதுவும் எழுத வேண்டாம்: 2006 'எம்எம்விஐ'.

கேள்வி: பல கடிகாரங்களில் 4 'ஐஐஐஐ' என்று இருக்கிறதே, பிழையா?

பதில்: பிழையல்ல, பழைய வழக்கம். ரோமர்களே இரண்டு விதமாகவும் எழுதினார்கள். ரோம் நகரின் பழங்கால அரங்கமான கொலோசியத்தில் 44-ஆம் வாயிலில் 'எக்ஸ்எல்ஐஐஐஐ' என்று செதுக்கியிருக்கிறது. 40-க்குக் கழித்தல், 4-க்குக் கூட்டல்! தேர்வுத்தாளில் மட்டும் 'ஐவி' என்றே எழுதுங்கள்.

கேள்வி: ரோமன் எண்ணாக மாற்ற நான் எழுதிய கணினி நிரல் 9-க்கு 'விஐஐஐஐ' என்று காட்டுகிறது. எங்கே தவறு?

பதில்: பட்டியலில் ஏழு மதிப்புகளை மட்டும் கொடுத்திருப்பீர்கள். 'ஐவி', 'ஐஎக்ஸ்' போன்ற கழித்தல் ஜோடிகள் ஆறையும் சேர்த்துப் பதின்மூன்றாக்குங்கள்: 1000, 900, 500, 400, 100, 90, 50, 40, 10, 9, 5, 4, 1. பெரியதிலிருந்து தொடங்கி, கழிக்க முடிகிறவரை அதே மதிப்பைத் திரும்பத் திரும்பக் கழிக்க வேண்டும். ஒருமுறை கழித்துவிட்டு அடுத்ததற்குத் தாவினால் 3 வெறும் 'ஐ' ஆகிவிடும். 0-வையும் 3999-க்கு மேற்பட்டதையும் நிரல் ஏற்கக் கூடாது. 4000-க்கு 'ஐவி'யின் தலைமேல் கோடு போட்டு ஆயிரம் மடங்காக்குவார்கள். சாதாரண எழுத்துருவில் அந்தக் கோடு பெரும்பாலும் சரியாக விழாது.