ஜன்னலோரம் ஒரு தாள்

அன்புள்ள ஐயா,

வேலை விஷயமாக வியட்நாமின் வின் நகரத்தில் மூன்று மாதம் இருந்தேன். நீங்கள் எப்போதோ போகிறபோக்கில் குறிப்பிட்ட கவிஞர் நுயென் ஸூவின் ஊர் அங்கிருந்து பக்கம்தான் என்று தெரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலக நண்பரோடு பைக்கில் போனேன். சிலை, கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய புத்தகங்கள், பள்ளிப் பிள்ளைகள் கூட்டம், செல்ஃபி. சமாதியில் ஊதுவத்தி ஏற்றினேன். ஒன்றுமே தோன்றவில்லை. அவருடைய ‘கியூ கதை’யை ஆங்கிலத்தில் பாதி படித்திருந்தேன். விற்கப்பட்ட பெண் ஒருத்தி படும் பாடு, நம்மூர் சீரியல் மாதிரிதான் பட்டது. கதையும் சீன நாவலிலிருந்து எடுத்ததாம். சமாதிக்குப் போய் என்ன ஆகப்போகிறது? எப்போதோ செத்தவருக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா? உண்மையாகவே கேட்கிறேன்.

ச., சென்னை

அன்புள்ள ச.,

ஒன்றும் தோன்றவில்லை என்று ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. பயணக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு மட்டும் எந்தச் சமாதிக்குப் போனாலும் கண் கலங்கிவிடுகிறது. நுயென் ஸூவின் ஊரான தியென் டியெனுக்கு முதல்முறை போனபோது எனக்குத் தோன்றியதெல்லாம் வெயில். ஜூன் மாதம். மேற்கே மலை தாண்டி வரும் காற்றை அங்கே ‘லாவோ காற்று’ என்பார்கள். அடுப்பு வாய்க்கு நேரே முகத்தை நீட்டிய மாதிரி இருந்தது. அருங்காட்சியகத்தில் மின்விசிறிக்கு அடியில் நின்ற நேரம்தான் அதிகம்.

உங்கள் கேள்வியை அந்தக் காவியத்துக்குள்ளேயே ஒருத்தி கேட்டுவிட்டாள். ஆரம்பத்திலேயே வருகிறது, நீங்கள் படித்த பாதியில் இருந்திருக்கும். கல்லறைகளைச் சுத்தம் செய்யும் வசந்தகாலத் திருநாளில் கியூ தங்கையோடும் தம்பியோடும் வெளியே போகிறாள். வழியோரம் தாழ்ந்த ஒரு மண்மேடு, மேலே பாதி மஞ்சளும் பாதி பச்சையுமாய்ப் புல். இன்றைக்குக்கூட இங்கே ஏன் புகை காணோம் என்று கேட்கிறாள். தம்பி சொல்கிறான்: டாம் தியென் என்று ஒரு பாடகி, ஒரு காலத்தில் வாசலில் கூட்டம் அலைமோதும், இளம்வயதிலேயே போய்விட்டாள். அவள் பேரைக் கேட்டு வெகுதூரத்திலிருந்து ஒருவன் பார்க்க வந்தான். வந்து சேர்ந்தபோது அவள் இல்லை. பெட்டி வாங்கி அடக்கம் செய்துவிட்டுப் போனது அந்த ஊர்பேர் தெரியாதவன்தான்.

கியூ அழுகிறாள். தங்கை வான் சொல்கிறாள்: நல்ல ஆள் அக்கா நீ, எந்தக் காலத்திலோ செத்தவளுக்கு அழ உன்னிடம் கண்ணீர் மிச்சமிருக்கிறதே!

அதே கேள்விதானே? வானை நுயென் ஸூ எங்கேயும் கேலி செய்வதில்லை. குடும்பத்தில் காலூன்றி நிற்கிறவள் அவள். அப்பாவையும் தம்பியையும் பொய்வழக்கிலிருந்து மீட்கத் தன்னை விற்றுக்கொண்டு பதினைந்து வருஷம் அலைகிறவள் அக்கா. இங்கே கிடப்பவளைப் பார்த்தால் நாளைக்கு நான் எப்படிக் கிடப்பேனோ என்று தோன்றுகிறது என்பதுதான் அவள் தங்கைக்குச் சொல்லும் பதில். 3,254 அடிகளும் அந்த மண்மேட்டிலிருந்துதான் கிளம்புகின்றன.

சீன நாவல் விஷயத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். கதை இரவல்தான், அவர் அதை மறைக்கவும் இல்லை. மூல நாவலைச் சீனாவிலேயே அதிகம் பேர் சீந்தவில்லை. அவர் செய்தது, அதைத் தன் ஊர் ஜனங்களின் வாய்ப்பாட்டு யாப்பில் சொன்னது. ஆறு அசை ஒரு அடி, எட்டு அசை அடுத்த அடி. ஆறாம் அசை கீழே எட்டசை அடியின் ஆறாம் அசையோடு ஒலிக்கும். எட்டாம் அசையைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆறு வரும். நம் அந்தாதி மாதிரி கைகோத்துக்கொண்டே போகும், ஆனால் சொல் திரும்பாது, ஓசைதான் திரும்பும். மந்திரி வீட்டுப் பிள்ளை அவர். ஊர்ப்பாட்டில்தான் முசுக்கொட்டையும் சணலும் பேசும் பேச்சைக் கற்றேன் என்று தன் சீன மொழிக் கவிதை ஒன்றில் எழுதியிருக்கிறார்.

ஆங்கிலத்தில் இந்த ஓசை போய்விடும், சில சமயம் பொருளும் இளகிவிடும். 2000 நவம்பரில் ஹனோய் வந்த அமெரிக்க அதிபர் கிளின்டன் ‘கியூ கதை’யிலிருந்து ஒரு ஈரடியை மேற்கோள் காட்டினார். தாமரை வாடச் சாமந்தி பூக்கிறது, காலம் துயரத்தை ஆற்றுகிறது, குளிர்காலம் வசந்தமாகிறது என்று. போர் முடிந்து கை குலுக்க வந்தவருக்கு வாகான வரி. மூலத்தில் துயரம் ஆறுவதே இல்லை. ‘துயரம் நீளம், பகல் குட்டை’ என்றுதான் இருக்கிறது. கியூ செத்துவிட்டாள் என்று நம்பிய ஒருவன் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் இடம் அது.

நுயென் ஸூவின் சாவையும் சொல்லிவிடுகிறேன். (அவர் பெயரின் முதல் ஒலி உண்மையில் ங. ‘ஙப்போல் வளை’யோடு நாம் ஓரங்கட்டிவிட்ட எழுத்து அங்கே வீட்டுக்கு வீடு குடும்பப் பெயராய் உட்கார்ந்திருக்கிறது.) 1820இல் சீனாவுக்கு இரண்டாம் முறை தூது போக நியமிக்கப்பட்டிருந்தார். கிளம்புமுன் கொள்ளைநோய். அப்போதைய தலைநகரான ஹுவேயின் அரண்மனை வரலாற்று ஏடு சொல்கிறபடி, மருந்து சாப்பிட மறுத்துவிட்டார். கை காலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஜில்லிட்டுவிட்டது என்றார்கள். ‘சரி’ என்றார். அவ்வளவுதான், பிறகு எதுவும் சொல்லவில்லை. ஹுவேயில் புதைத்து, 1824இல் எலும்புகளை ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

ஊரிலும் ராஜமரியாதையெல்லாம் நடந்துவிடவில்லை. 1982இல் வுவோங் ட்ரோங் என்ற கவிஞர் தேடிக்கொண்டு வந்தார். மணல்மேட்டில், ஊரார் கல்லறைகளுக்கு நடுவே கேட்பாரற்ற ஒரு மேடு. டாம் தியென் என்றல்லவா நினைத்தேன், இங்கே கிடப்பது தியென் டியென் நுயென் பெரியவரா என்று எழுதினார். அந்தக் கவிதை பலரைக் கூச வைத்தது. நீங்கள் ஊதுவத்தி ஏற்றிய சமாதி பிற்பாடு எடுத்துக் கட்டியது. எனக்கு அந்தப் பழைய மேட்டைப் பார்க்க முடியாமல் போனதில் கொஞ்சம் வருத்தம்தான். வழியில் செத்த சிப்பாய், முழுகிப்போன வியாபாரி, விலைமாது, பிறந்ததும் போன சிசு என்று சோறு வைக்க ஆளில்லாத ஆவிகளையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு நீண்ட பாட்டு எழுதியவர் அவர். அந்தக் கூட்டத்துக்கு நடுவே கிடந்ததில் அவருக்குக் குறையிருந்திருக்காது.

புத்தகம் போதாதா என்றால், அவருக்கே போதும் என்றுதான் இருந்தது. மிங் காலத்துச் சீனத்தில் சியாவ்சிங் என்று ஒரு பெண். இரண்டாந்தாரம். மூத்தவளின் பொறாமையால் மேற்கு ஏரிக்கரையில் தனியே வைக்கப்பட்டு, பதினெட்டு வயதில் செத்தாள். கவிதைகளை மூத்தவள் எரித்தாள், சில மட்டும் தப்பின. அவளைப் பற்றி எழுதும் நுயென் ஸூ, தோட்டமெல்லாம் பாழாகிவிட்டது என்று தொடங்கி, ஜன்னலோரம் ஒரே ஒரு தாளை வைத்துக்கொண்டு தனியே துக்கம் காக்கிறேன் என்கிறார். சமாதி வேண்டியிருக்கவில்லை, தாள் போதுமாயிருந்தது. அதே கவிதையின் கடைசியில்தான் முந்நூறு வருஷம் கழித்து எனக்காக உலகில் யார் அழுவார்களோ என்று கேட்கிறார். அவர் செத்த வருஷத்திலிருந்து எண்ணினால் கெடு 2120 வரை இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அவசரமில்லை.

அப்புறம் ஏன் இரண்டாம் முறை போனேன்? அருங்காட்சியகத்துக்காக இல்லை. போன தடவை வெயிலுக்கு ஒதுங்கிய ஒரு டீக்கடைக்காக. பச்சைத் தேயிலையை அப்படியே பறித்துப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர், கூடவே ‘கு டோ’: நம் கடலை மிட்டாயை இஞ்சி சேர்த்துக் காய்ச்சி இரண்டு அரிசி அப்பளத்துக்கு நடுவே வைத்த பண்டம். கடைக்கார அம்மாளுக்கு எழுபது இருக்கும். நான் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்த முதல் ஈரடியைச் சொன்னேன், நூறாண்டு மனித வாழ்வில் திறமையும் விதியும் ஒன்றையொன்று வெறுக்கும் என்று வருமே, அது. அந்த மொழியில் ஏற்ற இறக்கம் பிசகினால் சொல்லே வேறாகிவிடும். என்ன சொல்லித் தொலைத்தேனோ, அம்மாள் கையிலிருந்த கரண்டியோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு ஒவ்வொரு அசையாய்த் திருத்தினார், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. ஆறாம் அசை வந்ததும் என் முகத்தைப் பார்த்தார். சரியாகச் சொன்னேன் போலிருக்கிறது. அடுத்த ஈரடியை அவரே எடுத்தார். கடலும் முசுக்கொட்டைத் தோட்டமும் இடம் மாறுவதைச் சொல்லும் அடி. அதன் வால் பிடித்து அதற்கடுத்தது. பிறகு என்னைப் பார்க்கவில்லை. அடுப்பில் தேயிலைத் தண்ணீர் பொங்கி வழிந்து கரியில் சுர்ரென்றது, நான் எழுந்து பாத்திரத்தை இறக்கி வைத்தேன்.